இயக்குநரின் கையெழுத்துக்குள் ஒரு சமையலறை

அன்று காலை பத்து மணிக்கு அந்த மனையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேர் தாங்களும் அங்கேதான் நின்றோம் என்று சத்தியம் செய்வார்கள்.

மேஸ்திரி தொண்ணூறு இருந்தார். அவருடைய தங்கை இருந்தாள். நிறுவனத்தின் வரைபடங்களும் கணினியும் அவள் பொறுப்பு. அவருடைய மைத்துனன் இருந்தான். நல்ல கொத்தனார், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வீடு கட்டிக்கொள்கிற தையல் டீச்சர், வகுப்பிலிருந்து அப்படியே வந்ததால், கழுத்தில் அளவு டேப்போடு நின்றார். சிறு கட்டுமான நிறுவனங்கள் நவீனமாக்கல் வாரியத்தின் இயக்குநர் இருந்தார். துணை இயக்குநர் இருந்தார். வாரியத்தின் இயந்திரத்தை ஓட்டுகிறவர் இருந்தார். கையில் இருந்த கருவியை வைத்து அவரை எல்லோரும் ரிமோட் என்றே கூப்பிட்டார்கள். ஆக ஏழு பேர். வருகைப் பதிவேட்டில் எட்டு என்று இருக்கிறது. எட்டாவது, இயந்திரம். அதற்கும் ஒரு வரி ஒதுக்கி, கையெழுத்துக் கட்டத்தில் ‘பின்னர் இடும்’ என்று துணை இயக்குநர் தம் கையால் எழுதியிருந்தார்.

பதினொரு மணிக்கு ஒரு நாய் எட்டிப் பார்த்தது. அது சேர்த்தியில்லை.

தொண்ணூறு என்பது பெயரல்ல, பட்டம். அவருடைய அப்பா கட்டிய வீடுகளில் எந்த மூலையில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தாலும் சரியாகத் தொண்ணூறு டிகிரி இருக்கும். அதனால் ஊர் அவரைத் தொண்ணூறு என்றது. அவருக்குப் பிறகு சொத்தெல்லாம் மகனுக்கு வந்தது. சொத்து என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லாததால், பட்டம் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வாரியத்தின் பதிவேட்டில் அந்த நிறுவனத்தின் எண் பன்னிரண்டு. நாற்பத்தொரு வருடமாக ஒரு கோணல் மூலை கிடையாது. குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு: தரையில் கோடு போட்டது யாராக இருந்தாலும், முதல் செங்கல் வைப்பதற்கு முன் அதை ஒரு தரம் ஒத்துப் பார்ப்பது. அப்பா தான் போட்ட கோட்டையே தான் ஒத்துப் பார்ப்பார். சந்தேகத்தால் அல்ல, மரியாதையால்.

இயந்திரத்தின் மேல் தொண்ணூறுக்கு எந்தப் பகையும் இருந்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். நூலைக் கட்டி, முளை அடித்து, சுண்ணாம்பு தூவி, நாள் முழுவதும் குனிந்து குனிந்து அவர் முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்தியிருந்தன. வரைபடத்தைப் பார்த்துத் தானே தரையில் கோடு போடுகிற இயந்திரம் இருக்கிறது என்று தங்கை இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “வாங்கிடலாம்மா” என்று அவரும் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குள் வாரியம் ஒரு சுற்றறிக்கையோடு முந்திக்கொண்டது.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற நிறுவனங்கள் இனி நூல் பிடித்துக் கோடு போடக் கூடாது. மாதக் கடைசிக்குள் வாரியத்தின் இயந்திரத்தை வைத்து, வாரியத்தின் முன்னிலையில், ஒரு வீட்டுக்காவது கோடு போட்டு, ‘நூல் நீக்கச் சான்றிதழ்’ பெற வேண்டும். பெறாத நிறுவனத்தின் பெயர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும். அப்பா வாங்கிய எண் பன்னிரண்டு அடிக்கப்படும் என்று படித்ததும் தொண்ணூறு அன்றைக்கே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்.

மூன்று நாள் பயிற்சி. முதல் நாள், இயந்திரத்தின் வரலாறு. இரண்டாம் நாள், இயந்திரத்தின் முன் நடந்துகொள்ள வேண்டிய முறை. மூன்றாம் நாள், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இயந்திரத்தை வரிசையில் நின்று பார்த்தார்கள்.

“தொட்டுப் பாக்கலாங்களா?” என்று தொண்ணூறு கேட்டார்.

“தொடலாம்” என்றார் துணை இயக்குநர். “தொட்டவங்க மறுபடி முதல் நாள்லேருந்து வரணும்.”

அந்த அறையின் பின்மூலையில் ஓர் அலமாரி நின்றது. சுவருக்கும் அதற்கும் நடுவில் இந்தப் பக்கம் இடைவெளியே இல்லை, அந்தப் பக்கம் மூன்று விரல் நுழையும். தொண்ணூறு பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அடுத்தவர் வீட்டு மூலையை உற்றுப் பார்ப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கமல்ல.

பயிற்சி முடிந்ததும் நூல் ஒப்படைப்பு. தொண்ணூறு தன் நூல்கண்டை மேசைமேல் வைத்தார். துணை இயக்குநர் அதைத் தபால் தராசில் நிறுத்து, நானூற்றுப் பத்து கிராம் என்று எழுதி, ரசீது கொடுத்து, கோப்பைத் திறந்து தாள்களை அடுக்கி, கோப்பை மூடி, அதே நூலில் ஒரு முழம் அறுத்து அதைக் கட்டினார். மைத்துனன் வாயைத் திறந்தான். தங்கை அவன் காலை மிதித்தாள்.

“வாரியம் எதையும் வீணாக்காது” என்றார் துணை இயக்குநர்.

இயக்குநர் எழுந்து உரையாற்றினார். “நூல் பிடிக்கணும்னா ரெண்டு முனையிலயும் ஆள் வேணும். அதாவது ஒருத்தரை ஒருத்தர் நம்பணும். இது பழைய காலத்து முறை. நம்ம வாரியம் பதினெட்டு வருஷமா யாரையும் நம்பாமத்தான் நடக்குது. ஏதாவது குறை உண்டா?”

குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அடுத்தது வரைபடம். டீச்சர் வீட்டின் வரைபடத்தைத் தங்கை தன் கணினியில் சுத்தமாக வரைந்து, ஒரு சின்னப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். “இதை அப்படியே மெஷின்ல போட்டுட்டா போதும் சார். கோடு கோடா போட்டுடும்.”

இயக்குநர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “அம்மா, கையெழுத்து இல்லாத கோடு கோடே இல்ல.”

ஆகவே வரைபடம் தாளில் அச்சாயிற்று. இயக்குநர் பேனாவைத் திறந்தார். தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டால் யாராவது நடுவில் திருத்திவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் இந்த மூலையில் தொடங்கி அந்த மூலை வரை வரைபடத்தின் குறுக்கே போடுவார். ஒரு பெரிய சுழி, அதிலிருந்து மூன்று மலையேற்றம், நீண்ட வால், வாலுக்கு மேல் இரண்டு புள்ளி. மூலையில் வட்ட முத்திரை. பிறகு அந்தத் தாளை வாரியமே படம் பிடித்து, இயந்திரம் படிக்கிற கோப்பாக மாற்றி, ஒரு சிப்பில் ஏற்றி, சிப்பை உறையில் போட்டு அரக்கு வைத்தது.

“சார், ஒரே ஒரு தடவை திறந்து பாத்துக்கறேனே” என்றாள் தங்கை.

“அரக்கு எதுக்கும்மா இருக்கு?” என்றார் துணை இயக்குநர். அவள் பென் டிரைவைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டாள்.

ஆக, அந்த மாதத்தின் கடைசி நாள். டீச்சர் மனையில் தரைக் கான்கிரீட் போட்டுக் காய்ந்து, பெருக்கி, பலகை மாதிரி கிடந்தது. ரிமோட் அரக்கை உடைத்துச் சிப்பைச் செருகினார். சின்ன அலமாரிக்குச் சக்கரம் வைத்தது போன்ற அந்த இயந்திரம் ஒரு பீப் சத்தம் போட்டுவிட்டு நகர்ந்தது. பின்னால் நீல மையில் கோடு விழுந்தது. முன்சுவர் முழுவதும் ஒரே இழுப்பு. தொண்ணூறு குனிந்து கோட்டின் மேல் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“என்னா நேரு!” என்றார். “என் முழங்கால் இதைக் கோயில் கட்டிக் கும்பிடும்.”

அடுத்து சமையலறை. இயந்திரம் சமையலறைச் சுவரில் பாதி தூரம் போய் நின்றது. பிறகு இடப்பக்கம் திரும்பி, வளைந்து, சமையலறையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.

“ஏதோ வழி மறிக்குது போல” என்றார் ரிமோட்.

“மறிக்கல, யோசிக்குது” என்றார் இயக்குநர். “மனுஷன் நேராப் போவான். ஏன்னா அவனுக்கு வேற வழி தெரியாது. இது பாருங்க, எல்லா வழியும் போகுது.”

அது எல்லா வழியும் போயிற்று. மூன்று தரம் ஏறி இறங்கியது. குளியலறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தெருப் பக்கம் வரை வால் இழுத்தது. திரும்பி வந்து படுக்கையறையில் ஒரு புள்ளி வைத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி வைத்தது. பிறகு பின்மூலைக்குப் போய் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் பொடிப் பொடியாக எதையோ எழுத ஆரம்பித்தது.

மைத்துனன் ஜல்லிக் குவியல் மேல் ஏறினான். மேலிருந்து ஒரு நிமிடம் பார்த்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜல்லியோடு ஜல்லியாகச் சரிந்தான்.

“மாமா! இது வீடு இல்ல மாமா! கையெழுத்து!”

“யார் கையெழுத்துடா?”

“சாரோடதுதான்! அந்த வட்டம் முத்திரை. ‘அனுமதிக்கப்பட்டது’ன்னு எழுதிக்கிட்டிருக்கு. தேதியும் போடுது!”

ஏழு பேரும் ஜல்லிக் குவியலில் ஏறினார்கள். இயக்குநரைத் துணை இயக்குநர் பின்னாலிருந்து தள்ளிவிட்டார். உச்சியில் நின்று இயக்குநர் கையெழுத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“நாப்பது அடி இருக்கும்ல?” என்றார் கடைசியில்.

“முப்பத்தெட்டு சார்” என்றார் ரிமோட்.

“எங்க அப்பா என் கையெழுத்தைக் கோழி கிளறினதும்பார்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “ஒரு ஃபோட்டோ எடுங்க.”

ஃபோட்டோ எடுத்து முடிந்ததும், “சரிங்க சார், அழிச்சிட்டுத் திரும்பப் போடலாங்களா?” என்று தொண்ணூறு கேட்டார்.

துணை இயக்குநர் திடுக்கிட்டார். “எதை அழிக்கறது? அனுமதிச்ச ஆவணத்துல இயக்குநர் கையெழுத்தையா? விதி இருபத்தொண்ணு. பதிவு ரத்து. முதல்ல எல்லாரும் செருப்பைக் கழட்டுங்க, தரை இப்ப ஆவணம்.”

எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். வெயில் ஏறியிருந்ததால் ஆவணத்தின் மேல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்கள்.

“அப்ப வீடு?” என்றார் டீச்சர்.

“விதி ஒன்பது” என்றார் துணை இயக்குநர். “இயந்திரம் போட்ட கோடு எதுவோ அதுவே சுவர்.”

“அந்தச் சுழி என் சமையலறை மேல இருக்குதே. உள்ள எப்படிப் போறது?”

“சுழிக்கு ஒரு வாய் இருக்கும் பாருங்க, அதுல.”

“குளிக்கிற அறையை ரெண்டா வெட்டிருக்கு.”

“ஆணுக்கு ஒண்ணு, பெண்ணுக்கு ஒண்ணு.”

“நான் ஒருத்திதான் சார் இருக்கேன்! படுக்கை அறையில அந்த ரெண்டு புள்ளி?”

“தூண்.”

டீச்சர் முப்பது வருடம் பெண்பிள்ளைகளுக்குத் துணி வெட்டக் கற்றுக்கொடுத்தவர். குரலை உயர்த்தாமலே அடிக்கத் தெரிந்தவர். “சார், எங்க வகுப்புல சாக்குக் கோடு தப்பா விழுந்தா தட்டி விட்டுட்டு வேற கோடு போடுவோம். கோடு விழுந்திடுச்சேன்னு மூணு கை வச்சு சட்டை தைக்க மாட்டோம்.”

“அதனாலதான் தையல் வேற, நிர்வாகம் வேற” என்றார் இயக்குநர், கையெழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு தொண்ணூறின் பக்கம் திரும்பினார். “ம், மேஸ்திரி. இன்னைக்குத்தான் கடைசி நாள். சுழியில முதல் செங்கல்லை வைங்க. கையோட சான்றிதழ் போட்டுத் தந்துடறேன்.”

தொண்ணூறு செங்கல்லைக் கையில் எடுத்தார். எதிரே சுழி. வைத்தால், நாற்பத்தொரு வருடம் தொண்ணூறாக இருந்த குடும்பம் இன்றோடு சுழி வீட்டுக்காரர்கள் ஆகும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வைக்காவிட்டால் அப்பாவின் எண் பன்னிரண்டு சாயங்காலத்துக்குள் அடிபடும். தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மைத்துனன்கூடச் சிரிப்பை நிறுத்தியிருந்தான்.

அவர் சுழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. செங்கல்லைக் கீழே வைக்கப் போனவர் அப்படியே நிறுத்தினார்.

“வைக்கிறேன் சார். ஆனா எங்க வீட்டுல ஒரு பழக்கம். ஒத்துப் பாக்காம முதல் செங்கல் வைக்கிறதில்ல.”

“எதோட ஒத்துப் பாக்கப் போறீங்க?”

“சுவர்னா வரைபடத்தோட. இது கையெழுத்து. அதனால உங்க கையெழுத்தோட. ஒரு தாள்ல போட்டுக் குடுங்க சார். அச்சு அசலா இருந்தா அடுத்த நிமிஷம் வேலையை ஆரம்பிச்சிடறேன்.”

இதை அவர் தந்திரமாகக் கேட்டார் என்று சிலர் பேசுகிறார்கள். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தந்திரம் வராது. அவர் மனதார ஒத்துப் பார்க்கத்தான் கேட்டார்.

இயக்குநர் மகிழ்ச்சியோடு பேனாவைத் திறந்தார். முப்பத்தெட்டு அடியைப் பார்த்த உற்சாகம் கையில் இருந்தது. போட்டார். தொண்ணூறு தாளை வாங்கிக்கொண்டு ஜல்லிக் குவியலில் ஏறினார். தாளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தாளைத் தலைகீழாகத் திருப்பினார். மறுபடி நேராகத் திருப்பினார்.

“சார், தரையில மூணு ஏத்தம் இருக்கு. தாள்ல நாலு.”

“என்னது?”

“வால் அதுல கீழ போகுது, இதுல மேல போகுது. அப்புறம் சார், இதுல புள்ளி ஒண்ணுதான்.”

“இன்னொரு தாள் கொண்டா” என்றார் இயக்குநர். போட்டார். அதில் மூன்று புள்ளி விழுந்தது. இன்னொன்று போட்டார். அதில் சுழியே மறந்துபோயிற்று. ஏழாவது தாளில் வால் தாளை விட்டே வெளியே போயிற்று.

தொண்ணூறு மிகுந்த வருத்தத்தோடு, “ஒத்து வரல சார்” என்றார்.

முதலில் பேசியவர் துணை இயக்குநர். ஒழுங்கு நடவடிக்கைப் பொறுப்பும் அவரிடமே கூடுதலாக இருந்தது. அதனால் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

“அப்ப தரையில இருக்கிறது இயக்குநர் கையெழுத்து இல்ல. இயக்குநர் கையெழுத்து மாதிரி வேற யாரோ போட்டது. ஏழு சாட்சி இருக்கு.” குரலைத் தாழ்த்தினார். “சார், இது போலிக் கையெழுத்து.”

இயக்குநருக்கு இரண்டே வழி இருந்தது. பதினெட்டு வருடமாகத் தம் கையெழுத்து நாளுக்கொரு விதமாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளலாம். அப்படியானால் வாரியம் அனுமதித்த அத்தனை கட்டடத்தின் கோப்பையும் திரும்பத் திறக்க வேண்டும். அல்லது இயந்திரத்தின் பக்கம் கையை நீட்டலாம்.

அவர் கையை நீட்டினார். “இதுதான் போட்டது! என் கண்ணால பாத்தேன்!”

“போலியை உடனே அழிக்கணும். விதி இருபத்திரண்டு” என்றார் துணை இயக்குநர்.

வாளியில் தண்ணீர் வந்தது. துடைப்பம் வந்தது. ஆனால் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல், அது தன்னுடையது இல்லை என்று நிரூபிக்கிற வேகத்தில், இயக்குநரே பேன்ட்டை மடித்துவிட்டு முட்டிபோட்டுத் தேய்த்தார். சுழியிலிருந்து வால் வரைக்கும் முப்பத்தெட்டு அடி. “எவ்வளவு தைரியம், எவ்வளவு தைரியம்” என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். முத்திரையையும் முன்சுவரையும் மைத்துனன் தேய்த்தான். அவன் தோள் குலுங்கியது தேய்த்ததால் மட்டுமல்ல.

இதற்கிடையில் துணை இயக்குநர் இயந்திரத்தை விசாரித்தார். “யார் சொல்லி இதைச் செஞ்சே?”

பேட்டரி குறைந்ததால் அது ஒரு பீப் சத்தம் போட்டது.

“சம்பவத்தை மறுபடி நடிச்சுக் காட்டணும்” என்று துணை இயக்குநர் உத்தரவிட்டார். “அதுதான் முறை. பேட்டரியை மாத்துங்க.”

ரிமோட் பேட்டரியை மாற்றினார். சிப்பைத் தேடினார். அது சாட்சியப் பொருளாக உறைக்குள் போய், உறைக்குப் புது அரக்கும் வைத்தாகியிருந்தது.

“இந்தாங்க” என்று தங்கை பென் டிரைவை நீட்டினாள். “வீடு இதுல இருக்கு. அது திருட்டுத்தனம் பண்ற மெஷினா இருந்தா இதுலயும் பண்ணும்ல?”

துணை இயக்குநருக்கு அந்த வாதம் பிடித்துப்போயிற்று.

இயந்திரம் கிளம்பியது. ஏழு பேரும் அது எப்போது வளையும் என்று பார்த்தபடி பின்னாலேயே வெறுங்காலோடு நடந்தார்கள். முன்சுவர். சமையலறை, நான்கு பக்கம். குளியலறை, ஒன்றே ஒன்று. படுக்கையறை, ஒரு புள்ளியும் இல்லை. இருபத்தைந்தே நிமிடம். பின்மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு, ஒரு பீப் சத்தத்தோடு நின்றது.

“திருந்திடுச்சு” என்று துணை இயக்குநர் எழுதிக்கொண்டார்.

தொண்ணூறு முன்னால் வந்தார். “ஒத்துப் பாக்கணும்.”

“எதை வச்சு?” இயக்குநர் சீறினார். “உங்க நூல் வாரியத்துல இருக்கு.”

தொண்ணூறு சுற்றிலும் பார்த்தார். பார்வை டீச்சரின் கழுத்தில் நின்றது. “டீச்சரம்மா, உங்க டேப் எவ்வளவு நீளம்?”

“அறுபது இஞ்ச். எல்லா டேப்பும் அதுதானே?”

“அஞ்சு அடி” என்றார் தொண்ணூறு. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

சமையலறை மூலையிலிருந்து ஒரு சுவர்க் கோட்டில் மூன்று அடி அளந்து பென்சிலால் குறித்தார். மற்றக் கோட்டில் நான்கு அடி குறித்தார். மூலை தொண்ணூறாக இருந்தால் இந்தக் குறிக்கும் அந்தக் குறிக்கும் நடுவில் ஐந்து அடி இருக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடக் கூடாது, குறையக் கூடாது. டேப்பின் ஒரு நுனியைத் தங்கை பிடித்தாள். மறு நுனியை இவர் பிடித்தார். டேப்பின் பித்தளை முனை குறிமேல் வந்து உட்கார்ந்தது, தைத்து வைத்தது மாதிரி.

“நூல் பயன்படுத்தினதா பதியட்டுமா சார்?” என்று துணை இயக்குநர் கேட்டார்.

இயக்குநர் ஈரமான முழங்காலைப் பார்த்துக்கொண்டார். “துணி சம்பந்தப்பட்ட பொருள்னு போடுய்யா.”

வீட்டின் எல்லா மூலையையும் தொண்ணூறு அப்படியே ஒத்துப் பார்த்தார். பிறகு செங்கல்லை எடுத்து முதல் மூலையில் வைத்தார். மைத்துனன் விசில் அடித்தான். டீச்சர் டேப்பை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “இப்பதான் சார் சட்டைக்கு ரெண்டு கை” என்றார்.

சான்றிதழ் அன்று சாயங்காலமே வந்தது. எண் பன்னிரண்டு பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. சான்றிதழின் கீழே இயக்குநரின் கையெழுத்து இருக்கிறது. சுழி இல்லை, ஏற்றம் இல்லை, வால் இல்லை, புள்ளி இல்லை. அடிமட்டம் வைத்துப் போட்ட ஒரு நேர்கோடு. அன்றிலிருந்து அவர் அப்படித்தான் போடுகிறார் என்றும், அதற்கும் இரண்டு பேர் பக்கத்தில் நின்று அளந்து பார்க்கிறார்கள் என்றும் தெரிகிறது.

தங்கை சொன்ன இயந்திரத்தை நிறுவனம் வாங்கிவிட்டது. தொண்ணூறின் முழங்கால்கள் மறுபடி பேச்சுவார்த்தையில் இருக்கின்றன.

டீச்சர் வீட்டுப் பின்பக்கத்தில் வாரியத்தின் முத்திரை வடிவத்தில் வட்டமாக ஓர் அறை கட்டியிருக்கிறது, உள்ளே ‘அனுமதிக்கப்பட்டது’ என்றுகூட எழுதியிருக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி ஓர் அறை இல்லை. அது தண்ணீர்த் தொட்டி. தங்கையின் வரைபடத்தில் முதலிலிருந்தே இருந்தது. அதன்மேல் எழுதியிருப்பது ‘மூடி வைக்கவும்’.